மலையகத்தில் பெண்கள் உரிமை நடைபயணம்: முதல் தடவை போகிறவர்களுக்கு, பேர் முதல் கடைசி பஸ் வரை

மார்ச் 8, சர்வதேச பெண்கள் தினம் வந்தால் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று ஏதாவது ஒரு டவுனில் பெண்கள் நடைபயணம் இருக்கும். நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளில் தொடங்கி டிசம்பர் 10 மனித உரிமைகள் தினம் வரையிலான பதினாறு நாட்களும் அப்படித்தான். போக ஆசை இருந்தும், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறவர்கள் எங்கள் தோட்டத்திலேயே நிறைய. எங்கள் மாதர் சங்கத்துக்காக பொலிஸ், பிரதேச சபை, தோட்ட ஆபீஸ் என்று அலைந்த ஆள் நான். போன இடமெல்லாம் "அந்தக் கடிதம் எங்கே?" என்று கேட்டார்கள். எந்தக் கடிதம் என்று முன்கூட்டியே சொன்னவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடை பெரிய விஷயமில்லை. தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு தினமும் மலை ஏறி இறங்குகிற கால்களுக்கு ஐந்து கிலோமீட்டர் தார் ரோடு என்ன பாடு? அந்த ஒரு நாளை வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் கழற்றி எடுப்பதில்தான் பாடு. ஆகவே வரிசையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள்

தொழிற்சங்கம், பெண்கள் அமைப்பு, தேவாலயம், இளைஞர் கழகம் என்று யார் வேண்டுமானாலும் நடத்தலாம். கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. பொலிஸுக்கு அறிவித்தது யார் பெயரில்? மேடையில் பேசப்போவது யார்? பஸ் காசு யார் பொறுப்பு? நடந்து முடித்து யாரிடம் மகஜர் (கோரிக்கை மனு) கொடுக்கப் போகிறோம்? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் அன்றைக்குப் பார்ப்போம்" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். மகஜர் இல்லாத நடைபயணம் பெரும்பாலும் பேஸ்புக் படத்தோடு முடிந்துவிடும்.

கட்சி விஷயத்தையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். தோட்டத்தில் நீங்கள் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வேறு சங்கத்தின் நிறத்தில் தொப்பி போட்டுக்கொண்டு படத்தில் வந்தால் மறுநாள் பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். எந்தக் கட்சி நிறமும் வேண்டாம் என்று நடத்துகிறவர்களிடம் முன்பே பேசி வைப்பது நல்லது. நாங்கள் ஊதாத் துணியில் சின்ன நாடா வெட்டி ஊசியால் குத்திக்கொண்டோம். அதற்கு ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

2. திகதியைத் தோட்டத்துக் கலண்டரில் வைத்துப் பாருங்கள்

மார்ச் 8 பொது விடுமுறை இல்லை. வேலை நாளில் வந்தால் பேர் (அந்த நாள் வேலையும் அதற்கான சம்பளமும்) போகும். ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் பேர் போகாது, ஆனால் புள்ளக் காம்பரா (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) பூட்டியிருக்கும், கைப்பிள்ளைக்காரிகள் வர முடியாது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் யாராவது வெளியே நிற்பார்கள். யார் என்று தெரிந்து தேர்ந்தெடுத்தால் அதற்கு ஏற்பாடு செய்யலாம்.

இன்னொரு சங்கடம் உண்டு. பெரும்பாலான தோட்டங்களில் சம்பளம் கைக்கு வருவது 10ஆம் திகதியை ஒட்டி. மார்ச் 8 என்றால் கடைக் கொப்பியில் கடன் ஏறி, பர்சில் சில்லறை மட்டும் கிடக்கும் நாள். "வருகிறேன்" என்று பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் காலையில் காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பயம் என்றும் ஆர்வமில்லை என்றும் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். 8ஆம் திகதிதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால், சம்பளம் வந்த பிறகு வரும் ஞாயிறு நல்லது.

வேறு சிலதும் பார்க்க வேண்டும். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். அந்த மாதங்களில் சனி, ஞாயிறு, போயா நாட்களில் ஹட்டனில் இருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி போகும் பாதையில் வாகனம் நிறைந்திருக்கும். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கூட்டம். பரீட்சைக் காலத்தில் பாடசாலைப் பக்கம் ஒலிபெருக்கி போட முடியாது. தேர்தல் அறிவித்து வேட்புமனு தொடங்கிவிட்டால் ஊர்வலங்களுக்குத் தேர்தல் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடு வருகிறது. அந்த நாட்களில் பொலிஸில் கேட்காமல் நோட்டீஸ் அச்சடிக்க வேண்டாம்.

மழை: மார்ச், ஏப்ரலில் காலை வெயில் அடித்தாலும் பின்னேரம் இடியோடு கொட்டும். எட்டு மணிக்குத் தொடங்கி பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. நவம்பர், டிசம்பரில் பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஈரம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளைப் பார்த்த பிறகு யாருக்கும் புத்தி சொல்லத் தேவையில்லை. இருந்தாலும், முதல் நாள் இரவு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. செம்மஞ்சளிலேயே நடையைத் தள்ளிப்போடுங்கள், பேனர் காசு போனால் போகட்டும்.

3. பேர் விஷயத்தை முதலில் பேசி முடியுங்கள்

2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்துக்கு முன்மொழியப்பட்ட கணக்கு 1,550 ரூபாவும், வேலைக்கு வந்த நாளுக்கான 200 ரூபா கொடுப்பனவும், மொத்தம் 1,750. முப்பது பெண்கள் வேலை நாளில் நடந்தால் 52,500 ரூபா அவர்கள் கையிலிருந்து போகிறது. எந்த அமைப்பின் செலவுக் கணக்கிலும் இந்த வரி இருக்காது. பேனர், மைக், தண்ணீர், படக்காரர் எல்லாம் இருக்கும். "நாங்கள் தருகிற பங்கு இது" என்று நடத்துகிறவர்களிடம் வாய் திறந்து சொல்லுங்கள். முழுச் சம்பளம் தர அவர்களால் முடியாது. ஆனால் பஸ் காசும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நாங்கள் பயன்படுத்திய வழிகள்:

ஒரு லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) எல்லாரும் வர வேண்டாம். வீட்டுக்கு ஒருத்தி வந்தால் போதும். மாமியார் வேலைக்குப் போய் மருமகள் நடக்கலாம், அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம்.

வேலைக்கு வர முடியாது என்பதை வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் என்றால் பெயர்ப் பட்டியலாக எழுதி மாதர் சங்கத் தலைவி கையொப்பத்தோடு கொடுங்கள், ஒரு கொப்பி உங்களிடம் இருக்கட்டும். காலையில் பெரட்டில் ஆள் குறைந்தால்தான் கத்தல் வரும். கொழுந்து கூடுதலாக வருகிற மாதம் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்வது மரியாதை.

"காலையில் கொழுந்து எடுத்துவிட்டுப் பின்னேரம் நடக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். கிலோ குறைந்து அரைப் பேர்தான் விழும், மழையிலும் மாட்டுவீர்கள். இரண்டும் போச்சு.

வீட்டில் சம்மதம் வாங்குவதைப் பற்றி நான் புத்தி சொல்லப் போவதில்லை, அது வீட்டுக்கு வீடு வேறு. ஒன்று மட்டும்: திரும்பி வரும் நேரத்தையும் வரும் வாகனத்தையும் தெளிவாகச் சொன்னால் பாதி வாக்குவாதம் குறைகிறது. வருகிற கணவன்மாரையும் மகன்மாரையும் தடுக்க வேண்டாம். தண்ணீர் தூக்கவும் வரிசையின் வாலில் நின்று வாகனத்தைக் கவனிக்கவும் ஆள் தேவை. பேனர் பிடிக்க மட்டும் விடாதீர்கள், அப்புறம் பத்திரிகைப் படத்தில் அவர்கள்தான் இருப்பார்கள்.

4. பொலிஸ் கடிதம்

நீங்கள் கலந்துகொள்பவர் மட்டும்தான் என்றால் இதை எழுத வேண்டியதில்லை, எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்திலிருந்து தனி அணியாகப் புறப்பட்டு டவுனில் போய்ச் சேர்வதாக இருந்தால் உங்களுக்கும் ஒரு கடிதம் தேவை.

சட்டம் என்ன சொல்கிறது? பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஊர்வலம் போவதாக இருந்தால் தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மணித்தியாலம் முன்பு, தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். சட்டம் கேட்பது அறிவித்தல். "அனுமதி கேட்டு வாருங்கள்" என்று மேசையில் இருப்பவர் சொன்னால் சண்டை பிடிக்காமல், "அறிவித்தல் கடிதம் கொண்டுவந்திருக்கிறோம் ஐயா, பதிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். பொது அமைதிக்காகத் தடைசெய்யும் அதிகாரம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் தடை உத்தரவு எடுப்பதும் நடக்கும். அப்படி உத்தரவு வந்தால் எழுத்தில் வாங்கி ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அன்றைக்கு நடக்க வேண்டாம்.

ஆறு மணித்தியாலம் என்பது சட்டத்தின் கடைசி எல்லை. நடைமுறையில் இரண்டு வாரம் முன்பு கொடுங்கள். ஓ.ஐ.சி. (பொறுப்பதிகாரி) லீவில் இருப்பார், கோர்ட்டுக்குப் போயிருப்பார், "நாளைக்கு வாங்க" என்பார்கள். ஒவ்வொரு "நாளைக்கு"ம் உங்களுக்கு ஒரு பேர் நட்டம்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: திகதி, தொடங்கும் நேரமும் இடமும், போகும் பாதை (சந்திகளின் பெயரோடு), முடியும் இடமும் நேரமும், வரக்கூடியவர்களின் தொகை, நோக்கம், ஒலிபெருக்கி உண்டா இல்லையா, பொறுப்பாளர் இருவரின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண். நோக்கத்தை இரண்டு வரியில் முடியுங்கள். எங்கள் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"பெண்களுக்கு வேலைத்தளத்திலும் பஸ்ஸிலும் பாதுகாப்பு வேண்டும் என வலியுறுத்தி அமைதியான நடைபயணம் ஒன்றை நடத்த உள்ளோம். பாதையின் இடது ஓரமாக இருவர் இருவராக நடப்போம். போக்குவரத்துக்கு உதவ உத்தியோகத்தர்களையும், முடிந்தால் பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரையும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்."

உதவி கேட்கிற தொனியில் எழுதினால் கடிதம் வேகமாக நகர்கிறது என்பது என் அனுபவம்.

கவனிக்க வேண்டிய பொறிகள் மூன்று.

முதலாவது, பொலிஸ் எல்லை. கொட்டகலையில் தொடங்கி ஹட்டனில் முடிக்கிறீர்கள் என்றால் தொடங்கும் இடம் திம்புள்ள–பத்தனை பொலிஸுக்கு உட்பட்டது, முடியும் இடம் ஹட்டன் பொலிஸுக்கு. கடிதம் இரண்டுக்கும் போக வேண்டும். பாதி வழியில் "எங்களுக்குத் தெரியாதே" என்று நிறுத்தினால் வெயிலில் நிற்பவர்கள் நீங்கள்.

இரண்டாவது, மொழி. தமிழில் எழுதிய கடிதத்தை வாங்க மாட்டோம் என்று சொல்ல முடியாது. அரச அலுவலகங்களோடு தமிழிலோ சிங்களத்திலோ தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆனால் வாசிக்க ஆளில்லை என்றால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். தமிழ்க் கடிதத்தோடு சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைத்துவிடுங்கள். பக்கத்துச் சிங்களப் பாடசாலை ஆசிரியை ஒருவர் எங்களுக்கு எழுதித் தந்தார், அன்றைக்கு நடக்கவும் வந்தார்.

மூன்றாவது, அத்தாட்சி. கொடுத்த கடிதத்தின் கொப்பியில் "கிடைத்தது" என்று திகதியோடு முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள். தர மறுத்தால் தபாலகத்துக்குப் போய் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

5. மற்றக் கடிதங்கள்

ஒலிபெருக்கிக்குப் பொலிஸில் தனி அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். இதற்கு உண்மையிலேயே அனுமதி தேவை. தப்பு மேளம் அடிப்பதாக இருந்தால் அதையும் கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

முடிவில் கூட்டம் வைக்க மைதானமோ மண்டபமோ வேண்டுமென்றால், ஹட்டன் டவுனில் ஹட்டன்–டிக்கோயா நகர சபை, மற்ற இடங்களில் அந்தந்தப் பிரதேச சபை. வாடகையும் திருப்பித் தரும் வைப்புப் பணமும் வேறு வேறு. இரண்டுக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள், இல்லாவிட்டால் வைப்புப் பணத்தை மறந்துவிடலாம்.

தோட்டப் பாதையில் அணிவகுத்து வருவதாக இருந்தால் தொரைக்கு (தோட்ட அதிகாரிக்கு) ஒரு கடிதம். அது நிர்வாகத்தின் பாதை. லயத்திலிருந்து சாதாரணமாக நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து அங்கே வரிசை கட்டினால் இந்தத் தலைவலியே இல்லை.

பிரதேச செயலாளருக்கு மகஜர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அவர் அன்று இருப்பாரா என்று கேட்டு நேரம் வாங்குங்கள். ஞாயிறு நடந்தால் செயலகம் பூட்டியிருக்கும், திங்கட்கிழமை ஐந்து பேர் போய்க் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

6. உங்கள் கையில் இருக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டையும் அதன் போட்டோ கொப்பியும். இரண்டையும் ஒரே பையில் வைக்க வேண்டாம். அட்டை இல்லாதவர்கள் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள். நடைபயணத்துக்காக அவசரப்பட்டு எடுக்க முடியாது, ஆனால் விண்ணப்பத்தை இப்போதே தொடங்குங்கள். தோட்டத்தில் இருப்பவர்களின் விண்ணப்பத்தைத் தோட்ட அதிகாரி உறுதிப்படுத்தலாம். அதுவரை கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வந்தால் தாய் அல்லது தகப்பன் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதம். பாடசாலைச் சீருடையில் அனுப்ப வேண்டாம், அதிபருக்கு வீண் பிரச்சினை.

பிரஷர், சீனி மாத்திரை எடுப்பவர்கள் கிளினிக் கொப்பியையும் அன்றைய மாத்திரையையும் கொண்டு வாருங்கள்.

ஒரு காகிதத்தில் இந்த எண்களை எழுதி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், போன் சார்ஜ் போய்விடும்: பொலிஸ் 119, அம்பியுலன்ஸ் 1990 (இலவசம்), பெண்களுக்கான உதவி 1938, சிறுவர் உதவி 1929, மனித உரிமைகள் ஆணைக்குழு 1996. கூடவே உங்கள் அணித் தலைவியின் எண்.

7. காசு

நடத்துகிறவர் தர வேண்டியதையும் நீங்கள் போட வேண்டியதையும் இரண்டு பத்தியாகக் கொப்பியில் எழுதுங்கள். பெரிய செலவு வாகனம்தான். தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஆளுக்கு ஆள் த்ரீவீல் பிடித்தால் கட்டுப்படியாகாது. வேன் பேசும்போது போக வர இரண்டுக்கும் சேர்த்து, காத்திருக்கும் நேரத்தையும் சொல்லிப் பேசுங்கள். "பன்னிரண்டு மணிக்கு முடியும்" என்று பேசிய வேன் மூன்று மணிவரை நின்றால் மிச்சத்தை யார் தருவது என்பதில்தான் எல்லாச் சண்டையும் வரும். முற்பணம் கொடுத்தால் துண்டில் எழுதி வாங்குங்கள்.

பேனர் சதுர அடிக் கணக்கில் வரும். பெரிதாக அடித்தால் காற்றில் பாய் மாதிரி விரிந்து, பிடிப்பவரை இழுத்துக்கொண்டு போகும். சின்னதாக இரண்டு அடியுங்கள், ஒன்று தமிழில், ஒன்று சிங்களத்தில். ஆண்டு, திகதி போடாமல் அடித்தால் அடுத்த வருடமும் பாவிக்கலாம். கோஷ அட்டைகளை வீட்டிலேயே எழுதலாம்.

ஒரு ஆளுக்குக் கையில் இருக்க வேண்டியது பஸ்ஸில் திரும்பி வருவதற்கான காசு. வேன் ஏற்பாடு இருந்தாலும் அதைத் தொடாமல் வைத்திருங்கள்.

யாரிடமாவது உதவிப் பணம் வாங்கினால் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் எழுதி கோயில் சுவரிலோ வாசிகசாலையிலோ ஒட்டிவிடுங்கள். பெண்கள் கையில் காசு போனால் பேச்சு வருவதற்கு ஒரு வாரம் போதும்.

8. பாதையை முன்னரே நடந்து பாருங்கள்

இரண்டு பேர், அதே நேரத்தில், அதே பாதையில். இதற்கு ஒரு ஞாயிறு போதும்.

முதலில் கழிப்பறை. ஆண்கள் ஏற்பாடு செய்த எந்த நடைபயணத்திலும் இது நினைவுக்கு வராது. டவுன் பஸ் நிலையத்தில் பொதுக் கழிப்பறை இருக்கும், தண்ணீர் இருக்குமா என்று பாருங்கள். இடைவழியில் கோயில், தேவாலயம், பாடசாலை எது திறந்திருக்கும் என்று கேட்டு வையுங்கள். மாதவிடாய் நாளில் வருகிறவர்களுக்காகப் பேட், பழைய பத்திரிகை, பிளாஸ்டிக் பை, சோப் ஒரு துணிப்பையில் அணித் தலைவியிடம் இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று புறப்படும்போதே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், நடுவில் யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து மயங்கி விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது குளவி. தேயிலை மலை ஓரமாகவோ பெரிய மரங்களுக்குக் கீழோ பாதை போனால், எந்த நம்பரில் (மலைத் துண்டில்) கூடு இருக்கிறது என்று அங்கே கொழுந்து எடுக்கிறவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். கூடு இருக்கும் இடத்தில் தப்பும் மைக்கும் நிறுத்தம். பட்டாசு எங்கேயும் வேண்டாம். கொட்டிவிட்டால் முள்ளைப் பிடுங்கிக்கொண்டு நிற்காமல் அந்த இடத்தைவிட்டு ஓடி, 1990ஐ அழையுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம் என்றால் ஒரு நிமிடமும் பார்க்க வேண்டாம். ஹட்டன், டிக்கோயாப் பக்கம் என்றால் கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

மூன்றாவது வளைவு. நம் ரோடுகளில் ஓரமும் இல்லை, நடைபாதையும் இல்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு முன்னும் பின்னும் சிவப்புத் துணியோடு ஒருவர் நிற்க வேண்டும். பின்னால் பஸ் வரிசை சேர்ந்தால் அகலமான இடத்தில் நின்று வழிவிடுங்கள். அந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களும் நம் பெண்கள்தான்.

பாதையில் சாவு வீடு இருக்கிறதா என்று அன்று காலையிலும் விசாரியுங்கள். இருந்தால் அந்த இடத்தைக் கோஷம் இல்லாமல் கடக்க வேண்டும்.

9. உடுப்பும் சாப்பாடும்

நனைந்த தார் ரோட்டில் பாட்டா செருப்பு வழுக்கும். வேலைக்குப் போடும் சப்பாத்தே போதும். புதுச் சப்பாத்து அன்றைக்கு வேண்டாம். சேலை என்றால் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள். குடையை வரிசைக்குள் விரித்தால் பக்கத்து ஆளின் கண்ணுக்கு ஆபத்து, மழைக்கோட்டோ பொலித்தீனோ நல்லது. தங்கச் சங்கிலியை வீட்டில் வைத்துவிடுங்கள். புல் ஓரத்தில் உட்கார்ந்தால் அட்டைப்பூச்சி ஏறும், சோப்பை முன்கூட்டியே காலில் தடவிக்கொள்ளலாம்.

காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். வழியில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த பொடி) கரைத்த தண்ணீர், ஒரு பனிஸ். மதியப் பார்சலை பதினொரு மணிக்கே கட்டி வைத்தால் ஒரு மணிக்குள் சம்பல் கெட்டுப்போகும் பயம் உண்டு, கடையிலிருந்து சூடாக எடுக்கச் சொல்லுங்கள்.

10. நடக்கும்போது

ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, ஒவ்வொரு ஐவருக்கும் ஒரு பொறுப்பாளி. வேகமாக நடப்பவரைப் பின்னால் போடுங்கள், மெதுவாக நடக்கும் அம்மாமார் முன்னால். வரிசை அறுந்து போகாது.

கோஷம் குறுகியதாக, இரு மொழியிலும். ஒரு ஆளின் பெயரைச் சொல்லிக் கோஷம் போட வேண்டாம், தொரையோ கங்காணியோ அரசியல்வாதியோ யாராக இருந்தாலும். அதை மகஜரில் எழுதலாம், சட்டத்தரணியிடம் சொல்லலாம்.

படம் எடுப்பது பற்றி முதலிலேயே ஒரு முடிவு வேண்டும். வீட்டில் அடிவாங்கிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் நடக்க வருகிற பெண்கள் உண்டு. ஒருவர் லைவ் போட்டால் அன்று மாலை அவளுக்கு என்ன நடக்கும் என்று போனில் இருப்பவருக்குத் தெரியாது. முகம் வர விரும்பாதவர்கள் நடுவில் நடக்கட்டும், படம் முன்வரிசையோடு நிற்கட்டும். நிருபர் கேட்டால் பேச இருவரைத் தீர்மானித்து வையுங்கள், ஒருவராவது கொழுந்து எடுப்பவராக இருக்க வேண்டும்.

யாராவது கையைத் தொட்டால், கெட்ட வார்த்தை சொன்னால், "நடைபயணத்துக்கு வந்தால் அப்படித்தான்" என்று விட வேண்டாம். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை உண்டு. பஸ்ஸில் நடந்தாலும் அதே சட்டம்தான். பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதினால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகு மட்டும் கையொப்பம் வையுங்கள். பெண்ணைச் சோதனையிடுவது என்றால் பெண் உத்தியோகத்தர்தான் செய்யலாம்.

11. வீடு திரும்பும் வழி

டவுனிலிருந்து மேல் டிவிசனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு முந்தைய பஸ்ஸை உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சு நீண்டுகொண்டே போகும், பஸ் நிற்காது. விருந்தினர் பேசி முடியட்டும் என்று பார்க்காமல் நேரம் வந்ததும் எழுந்து போகலாம், மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சந்தியில் இறங்கி லயம் வரை நடக்கிறவர்கள் ஒன்றாகவே போங்கள், டோர்ச் கட்டாயம். ஐவர் பொறுப்பாளி தன் ஐந்து பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று போனில் கேட்ட பிறகுதான் படுக்க வேண்டும்.

மறுநாள் பெரட்டில் யாருடைய பேராவது வெட்டப்பட்டாலோ, வேறு மலைக்கு மாற்றப்பட்டாலோ, திகதி, நேரம், சொன்னவர், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றே கொப்பியில் எழுதிவிட்டுச் சங்கத் தலைவரிடம் போங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் யாருக்கும் நினைவிருக்காது. அரச அதிகாரி ஒருவர் அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். ஆகவே அந்த வகை முறைப்பாட்டைத் தள்ளிப் போடாமல் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்குச் சொல்லி, சட்டத்தரணியையும் உடனே பாருங்கள்.

12. மகஜரைத் துரத்துங்கள்

மகஜரில் ஐந்து கோரிக்கைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் அந்த அதிகாரியால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "பெண்களுக்குச் சமத்துவம் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் பிரதேச செயலாளர் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பார். "இந்தச் சந்தியிலிருந்து இந்த லயம் வரை வீதி விளக்கு வேண்டும்", "மேல் மலையில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், நிர்வாகத்தோடு பேசித் தாருங்கள்" என்றால் அவருக்கும் செய்ய ஒரு வேலை கிடைக்கும். விளக்குக்குப் பிரதேச சபை, கழிப்பறைக்குத் தோட்ட நிர்வாகம் என்று கொப்பி அனுப்ப வேண்டியவர்களின் பெயரைக் கீழே போடுங்கள். கொடுத்த கொப்பியில் இங்கேயும் முத்திரை.

ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) இருக்கிறது. பிரதேச செயலகத்தில் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். "இந்தத் திகதியில் கொடுத்த மகஜர் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம்?" என்று கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். பதில் எந்த மொழியில் வேண்டும் என்று படிவத்திலேயே ஓர் இடம் இருக்கும். அதை வெறுமையாக விடாமல் "தமிழ்" என்று நிரப்புங்கள்.